கூடியதும் குறைந்ததும்: ஆலைகளின் கார்பன் உமிழ்வைக் காரணிகளாகப் பிரித்த ஆய்வுமுறையின் வரலாறு

1996-இல் இந்தியச் சிமெண்ட் ஆலைகள் ஒரு டன் சிமெண்டுக்குச் சராசரியாக 1.12 டன் கார்பன் டை ஆக்ஸைடை வெளியிட்டன. 2010-இல் அது 0.719 டன்னாகக் குறைந்திருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குறைவு. அத்துறையினர் இதைச் சாதனை என்கிறார்கள், சாதனைதான், ஐயமில்லை. ஆனால் அதே பதினான்கு ஆண்டுகளில் அத்துறையின் மொத்த உமிழ்வு ஏறத்தாழ 80 விழுக்காடு கூடியது. இரண்டு கூற்றும் ஒரே தரவிலிருந்து வருபவை, இரண்டும் உண்மை. எதைத் தலைப்பாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே துறை நாட்டைக் காப்பதாகவும் தெரியும், கெடுப்பதாகவும் தெரியும்.

ஆலைகள் பயன்படுத்தும் ஆற்றலால் எழும் உமிழ்வு மாறுவதற்கு அடிப்படையில் நான்கு வழிகள் உண்டு. மொத்த உற்பத்தி கூடலாம் அல்லது குறையலாம். உற்பத்தியின் உள்கலவை மாறலாம். எஃகும் சிமெண்டும் பின்தங்கி மருந்தும் மின்னணுப் பொருளும் முன்னேறினால் அதே மதிப்புள்ள சரக்குக்குக் குறைந்த எரிபொருள் போதும். ஒரே பொருளைச் செய்ய ஆகும் ஆற்றல் மாறலாம். எரிக்கும் எரிபொருளும் வாங்கும் மின்சாரமும் மாறலாம். அளவு விளைவு, கட்டமைப்பு விளைவு, செறிவு விளைவு, எரிபொருள் விளைவு என்று ஆய்வாளர்கள் இவற்றுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நான்கும் ஒரே ஆண்டில் சேர்ந்தே நடக்கின்றன. நமக்குக் கிடைப்பது கூட்டுத்தொகை மட்டும். அதைப் பிரித்துப் பார்க்கும் முறை ஐம்பதாண்டுகளில் எப்படி உருவானது, இந்தியக் கணக்கில் அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டத் தவறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் கனரகத் தொழில்களில் செறிவு விளைவு அளவு விளைவை மட்டுப்படுத்தியிருக்கிறதே தவிர, அதை ஒருபோதும் மிஞ்சியதில்லை. ஆனால் நம் கொள்கைகள் செறிவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு நடக்கின்றன.

எண்ணெய் நெருக்கடி எழுப்பிய கேள்வி

1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் விதித்த தடையால், பீப்பாய்க்கு மூன்று டாலரை ஒட்டி இருந்த கச்சா எண்ணெய் 1974 தொடக்கத்துக்குள் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை ஏறியது. அதுவரை உற்பத்தி வளர்ந்தால் ஆற்றல் பயன்பாடும் வளரும் என்பதை இயற்கை விதிபோலவே பொருளியலாளர்கள் ஏற்றிருந்தனர். நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்தப் பிணைப்பு தளர்ந்தது. ஆலைகள் சிக்கனம் கற்றுக்கொண்டனவா, அல்லது அதிக எரிபொருள் குடிக்கும் ஆலைகள் மூடப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தது. சிக்கனம் என்றால் நாட்டுக்கு நல்ல செய்தி. ஆலை மூடல் என்றால் வேலையிழப்பு, இறக்குமதிச் சார்பு. மொத்த எண்ணோ இரண்டுக்கும் ஒரேபோல் இறங்கும்.

அமெரிக்க உற்பத்தித் துறை பற்றி மையர்ஸ், நகமுரா ஆகியோர் 1978-இல் வெளியிட்ட நூலும், பிரிட்டனின் தொழில்துறை பற்றி ஜென், கேட்டல் இருவரும் 1983-இல் எழுதிய கட்டுரையும் இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை தேடிய தொடக்க முயற்சிகள். இவர்கள் புதிய கணிதம் எதையும் தேடிப் போகவில்லை. விலைவாசிக் குறியீட்டெண்ணில் ஒரு நூற்றாண்டாகப் புழங்கிய கருவி கையருகே இருந்தது. குடும்பச் செலவு கூடும்போது அதில் விலையேற்றத்தின் பங்கு எவ்வளவு, கூடுதலாக வாங்கியதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதும் இதே கணக்குதான். ஹாம்பர்க் நகர விலைகளை வைத்து எத்தியேன் லாஸ்பேயர்ஸ் 1871-இல் முன்வைத்த முறை, மற்றவற்றை எல்லாம் தொடக்க ஆண்டின் அளவிலேயே நிறுத்திவைத்து ஒன்றை மட்டும் நகர்த்திப் பார்ப்பது. எரிசக்தி ஆய்வாளர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அடங்காத எச்சம்

அந்த முறையின் சிக்கலை ஒரு பயிற்சிக் கணக்கில் பார்க்கலாம். ஓர் ஆலை 100 டன் சரக்கு செய்தது, டன்னுக்கு 10 அலகு உமிழ்வு, மொத்தம் 1000. சில ஆண்டுகள் கழித்து 200 டன் செய்கிறது; டன்னுக்கு 6 அலகு; மொத்தம் 1200. ஆக 200 அலகு கூடியிருக்கிறது. லாஸ்பேயர்ஸ் வழியில், உற்பத்தி மட்டும் மாறியிருந்தால் 1000 அலகு கூடியிருக்கும். செறிவு மட்டும் மாறியிருந்தால் 400 அலகு குறைந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் 600. உண்மையில் கூடியதோ 200. மீதி 400 எந்தக் காரணிக்கும் சேராமல் எச்சமாக நிற்கிறது. விளக்கப்பட வேண்டிய மாற்றத்தைப் போல் இரு மடங்கு எச்சம்! உற்பத்தியும் செறிவும் சிறிது சிறிதாக மாறும் நாடுகளில் இந்த எச்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்தாண்டில் உற்பத்தி இரட்டிக்கும் ஆசிய நாடுகளுக்கு இந்த முறை பயன்படாது.

எச்சமே இல்லாத குறியீட்டெண் வேண்டும் என்ற கோரிக்கையும் பழையதே. 1922-இல் வெளிவந்த தம் நூலில் இர்விங் ஃபிஷர், நல்ல குறியீட்டெண் தேற வேண்டிய சோதனைகளை வரிசைப்படுத்தினார். விலைக் குறியீட்டையும் அளவுக் குறியீட்டையும் பெருக்கினால் மொத்த மதிப்பின் மாற்றம் மிச்சமின்றி வர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1925-இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் ஃபிரான்சுவா டிவிசியா வேறொரு கதவைத் திறந்தார். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் ஒப்பிடாமல் இடைப்பட்ட காலம் முழுவதையும் நுண்கணிதப்படி நொடிநொடியாகக் கூட்டிச் செல்வது அவர் வழி. ஆனால் நம் தரவுகள் ஆண்டுக்கு ஒருமுறைதான் கிடைக்கின்றன. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் எந்தச் சராசரியை எடுப்பது என்ற கேள்வி நிலுவையில் நின்றது.

அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த கேல் பாய்டும் அவருடைய கூட்டாளிகளும் 1987-இல் டிவிசியா முறையை அமெரிக்க உற்பத்தித் துறையின் ஆற்றல் கணக்குக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் எடுத்தது இரண்டு ஆண்டுகளின் எளிய சராசரி. எச்சம் பெரிதும் குறைந்தது, முற்றாக மறையவில்லை. அதை மறையச் செய்தது மடக்கைச் சராசரி. இரு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் மடக்கைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 1976-இல் ஃபின்லாந்தின் யர்யோ வார்த்தியாவும் ஜப்பானியரான கசுவோ சாட்டோவும் விலைக் குறியீட்டெண்களில் இதைக் கையாண்டிருந்தனர். எரிசக்தி ஆய்வு அதைக் கண்டுகொள்ள மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1997-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பி.டபிள்யூ. ஆங், கி-ஹொங் சோய் என்பவருடன் சேர்ந்து, கொரியத் தொழில்துறைத் தரவுகளை வைத்து இதை நிறுவினார்.

மேற்சொன்ன கணக்கை இந்த முறையில் போட்டால் உற்பத்தி அளவால் 760 கூடியது, செறிவால் 560 குறைந்தது, நிகரம் 200. எச்சம் இல்லை. நடைமுறையில் ஒரு தடை இருந்தது. தொடக்க ஆண்டில் ஓர் ஆலையில் இயற்கை எரிவாயுவே இல்லாமல் பின்னர் வந்திருந்தால் சுழியத்தின் மடக்கை கேட்க நேரும், கணக்கு உடையும். சுழியத்துக்குப் பதில் மிக மிகச் சிறிய எண்ணை இட்டாலும் முடிவு நிலையாக வருகிறது என்று காட்டி இதையும் தீர்த்தார்கள். 2004-இல் ஆங் எழுதிய ஒப்பீட்டுக் கட்டுரையும் 2005-இல் எழுதிய செயல்வழிகாட்டியும் மற்ற முறைகளைப் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளின. சீனா, இந்தியா, ஈரான், துருக்கி என்று எந்த நாட்டின் ஆலை உமிழ்வை ஆராய வந்தவரும் முதலில் எடுப்பது இன்று இதைத்தான். இந்த எளிமையே கவலையும் தருகிறது. எச்சமில்லாமல் வருவதாலேயே விடை சரி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

ஆற்றலிலிருந்து கார்பனுக்கு

1980-களின் முடிவில் கேள்வி மாறியது. எண்ணெய் மலிந்துவிட்டது; புவி வெப்பமாதல் அரசியல் மேடைக்கு வந்தது. ஜப்பானின் யோய்ச்சி காயா, ஒரு நாட்டின் உமிழ்வை மக்கள்தொகை, தலைக்கு வருமானம், வருமானத்துக்கு ஆகும் ஆற்றல், ஆற்றலில் உள்ள கார்பன் என்ற நான்கின் பெருக்கமாக எழுதியது அக்காலத்தில்தான். ஆற்றல் கணக்கோடு எரிபொருளின் கார்பன் அளவு என்ற ஒரு பெருக்கி சேர்ந்தது.

உற்பத்தித் துறைக்கு இதை விரித்தவர் நார்வேயின் அஸ்பியோர்ன் டோர்வாங்கர். ஒன்பது வளர்ந்த நாடுகளில் 1973 முதல் 1987 வரையிலான மாற்றத்தை அவர் 1991-இல் ஆராய்ந்தார். உற்பத்தி மதிப்புக்கான கார்பன் அளவு 42 விழுக்காடு குறைந்திருந்தது. அதில் பெரும்பங்கு ஆற்றல் செறிவின் குறைவால் வந்தது. ஆலை மூடலே காரணம் என்ற அச்சம் பெருமளவு தவறு என்று இதனால் தெளிந்தது.

பெருமளவுதான், முழுவதும் அல்ல. ஜப்பானின் அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களில் ஆண்டுக்கு 16 லட்சம் டன் உருக்கும் திறன் அங்கே இருந்தது. பெரும்பாலான உருக்காலைகளின் மின்சாரம் எண்ணெயிலிருந்து வந்தது. இரண்டு எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடின. சொந்த நீர்மின் நிலையம் வைத்திருந்த கம்பாரா ஆலை ஒன்றே 2014 வரை தாக்குப்பிடித்தது. ஜப்பானியர் அலுமினியம் பயன்படுத்துவதை நிறுத்தவில்லை. சுமத்ராவின் அசஹான் நீர்மின் திட்டத்தோடு சேர்ந்து ஜப்பானிய முதலீட்டில் எழுந்த உருக்காலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. மற்ற நாடுகளிலிருந்தும் உலோகம் வந்தது. ஜப்பானின் கணக்கேட்டில் இது கட்டமைப்பு விளைவு, கழித்தல் குறி. உலகக் கணக்கில் அது வேறு ஊருக்குப் போன வரவு, அவ்வளவே. ஒரு நாட்டு எல்லைக்குள் நின்று செய்யும் எந்தப் பகுப்பும் இந்த இடப்பெயர்ச்சியைத் தானாகக் காட்டாது.

துறைகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். இரும்பு-எஃகு என்று ஒரே வரியில் எழுதிய தரவில், ஊதுலையை விட்டுப் பழைய இரும்பை மின்னுலையில் உருக்கும் முறைக்கு நாடு மாறினால் அது திறன் மேம்பாடாகத் தெரியும். இரண்டையும் தனித்தனியே எழுதினால் அதே மாற்றம் கட்டமைப்பு மாற்றமாகிவிடும். இந்தியாவில் இது தலைகீழாக நடந்தது. நிலக்கரியால் செய்யும் ஸ்பாஞ்ச் அயர்ன் ஆலைகள் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் பெருகின. ஸ்பாஞ்ச் அயர்னில் உலகின் முதலிடம் நமக்குத்தான். மொத்தத் தரவில் அது ஆலைகளின் திறமைக்குறைவு போலத் தோன்றும். உள்ளே பார்த்தால், இயற்கை எரிவாயுவும் கோக்கிங் நிலக்கரியும் அரிதாக இருக்கும் நாடு, கையில் இருந்த நிலக்கரியைக் கொண்டு தேர்ந்த பாதை அது.

சீனாவின் அனுபவம் இந்த ஆய்வுமுறையை அடுத்த படிக்கு நகர்த்தியது. 1980-களிலும் 1990-களிலும் சீன ஆலைகளின் ஆற்றல் செறிவு வேகமாகக் குறைந்தது. ஜோனதன் சிண்டன், மார்க் லெவின் 1994-இலும், சாங் ஜோங்சியாங் 2003-இலும் செய்த பகுப்புகள், துறைகளின் கலவையைவிடத் துறைகளுக்குள் நடந்த மேம்பாடே முதன்மைக் காரணம் என்றன. ஆனால் மேம்பாடு ஏன் நடந்தது? பகுப்புக் கணக்கு அங்கே வாய் மூடிவிடும். காரன் ஃபிஷர்-வாண்டனும் அவருடன் சேர்ந்தோரும் 2004-இல் ஏறத்தாழ 2,500 சீன நிறுவனங்களின் தனித்தனித் தரவுகளை ஆராய்ந்து, எரிசக்தியின் விலை உயர்வும், ஆராய்ச்சிச் செலவும், உடைமை மாற்றமும் பின்னிருந்து தள்ளியதைக் காட்டினர். என்ன மாறியது என்று பகுப்பு சொல்லும். ஏன் மாறியது என்பதற்கு ஆலை வாசலுக்குள் போக வேண்டும்.

சிமெண்ட்: ஒரு கணக்கை நெருங்கிப் பார்த்தல்

தொடக்கத்தில் சொன்ன சிமெண்டுக்கு இப்போது அந்த முறையைப் பொருத்தலாம். உற்பத்தியை 1996-இல் சுமார் 7.5 கோடி டன், 2010-இல் சுமார் 21 கோடி டன் என்று முழு எண்களாக்கிக்கொள்கிறேன். உமிழ்வு 8.4 கோடி டன்னிலிருந்து 15.1 கோடி டன்னாகிறது, கூடியது 6.7 கோடி டன். மடக்கைச் சராசரிப்படி பிரித்தால் உற்பத்தி அளவால் கூடியது 11.8 கோடி டன். செறிவால் குறைந்தது 5.1 கோடி டன். உற்பத்தி தள்ளியதில் பாதிக்கும் குறைவாகத்தான் தொழில்நுட்பம் திருப்பி இழுத்தது.

அந்த 5.1 கோடிக்குள் இருப்பதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1960-களில் இந்தியச் சிமெண்ட் ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை ஈரமுறை ஆலைகள். சுண்ணாம்புக் கல்லை நீரோடு குழம்பாக அரைத்துச் சூளையில் விடுவார்கள். எரிபொருளில் கணிசமான பகுதி அந்த நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். சூளையில் சுட்டெடுத்து, பின்னர் சிமெண்டாக அரைக்கும் கிளிங்கர் ஒரு கிலோவுக்கு 1300 கிலோகலோரிக்கும் மேல் ஆகும். அரசு விலையையும் விநியோகத்தையும் கட்டுப்படுத்திய காலத்தில் புதிய சூளைக்கு முதல் போட யாரும் முன்வரவில்லை. 1982 பிப்ரவரியில் கட்டுப்பாடு பகுதியளவு நீங்கியது. 1989 மார்ச்சில் முழுதும் நீங்கியது. அதன்பின் எழுந்த ஆலைகள் உலர்முறை ஆலைகள். சூளையை விட்டு வெளியேறும் சூட்டைக் கொண்டே உள்ளே வரும் மாவைச் சூடாக்கும் பல அடுக்குக் கோபுரம் அவற்றின் அடையாளம். அரியலூர்ப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் தொலைவிலிருந்தே அதைப் பார்க்கலாம். இன்றைய நல்ல ஆலைக்கு 700 முதல் 750 கிலோகலோரி போதும்.

சிமெண்ட் உமிழ்வில் ஏறத்தாழப் பாதி எரிபொருளைச் சேர்ந்ததே அல்ல. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்குச் சற்று மேல். எந்த எரிபொருளை மாற்றினாலும் இது குறையாது. கிளிங்கரைக் குறைத்தால்தான் குறையும். தூத்துக்குடி, மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களின் ஃப்ளை ஆஷைச் சிமெண்டில் கலப்பது அந்த வழி. சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லி மத்திய அரசு 1999-இல் பிறப்பித்த அறிவிக்கை இதற்கு ஊக்கம் தந்தது. ஆகவே சிமெண்டின் செறிவு குறைந்ததை முழுவதும் ஆற்றல் சிக்கனத்தின் கணக்கில் எழுதுவது பிழை. நிலக்கரி எரிப்பதன் கழிவு கிடைப்பதால் குறைந்த உமிழ்வு அது. நிலக்கரி மின்சாரம் சுருங்கும் நாளில் அந்தச் சாம்பலும் சுருங்கும். இந்தக் கோணத்தில் பகுத்த கட்டுரைகள் மிகக் குறைவாகவே என் கண்ணில் படுகின்றன.

எஃகின் கணக்கும் இதே வடிவில்தான் வருகிறது. 2005-இல் சுமார் 4.6 கோடி டன்னாக இருந்த கச்சா எஃகு உற்பத்தி 2020-இல் சுமார் 10 கோடி டன். டன்னுக்கான உமிழ்வு 3.1 டன்னிலிருந்து 2.6 டன்னை ஒட்டி இறங்கியது. உற்பத்தி இரு மடங்குக்கு மேல் ஏறியது. செறிவு ஆறில் ஒரு பங்கு அளவே இறங்கியது.

நூற்பாலையும் சாயப்பட்டறையும்

நூற்பாலை பெரும்பாலும் எரிபொருளை எரிப்பதில்லை, மின்சாரத்தை வாங்குகிறது. அதன் உமிழ்வு மின்கட்டமைப்பில் யார் என்ன எரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்திய மின்கட்டமைப்பின் சராசரி, ஒரு மெகாவாட்-மணிக்கு 0.7 டன்னுக்குச் சற்று மேல். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகள் பல, 1990-களில் கிடைத்த தேய்மான வரிச்சலுகையைப் பயன்படுத்தி முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பகுதிகளிலும் காற்றாலைகளை நட்டன. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் அதே ஆலைகள் டீசல் ஜெனரேட்டரையும் ஓட்டின. ஒரே கதிரில் ஒரே நூல். கதிருக்கு ஆகும் மின்சாரம் மாறவில்லை. உமிழ்வு மட்டும் காற்றடிக்கும் பருவத்துக்கும் மின்வெட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கியது. மாநிலம் முழுமைக்கும் ஒரே மின் உமிழ்வுக் காரணியைப் போடும் பகுப்பில் இந்த ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் வேறொரு பாடம் தருகின்றன. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததை எதிர்த்து விவசாயிகள் நடத்திய நெடும் வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறையை நிறைவேற்றிய பின்னரே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கிகளில் சுண்டக் காய்ச்ச வேண்டும். பம்புக்கு மின்சாரம், ஆவியாக்கிக்கு நீராவி, நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. ஒரு கிலோ துணிக்கு ஆகும் ஆற்றல் இதனால் கூடியே தீரும். பகுப்பில் இது செறிவு உயர்வாக, அதாவது திறமைக்குறைவாகப் பதிவாகும். நொய்யல் கரை விவசாயி அதைத் திறமைக்குறைவு என்று ஒப்புக்கொள்வாரா? ஆற்றைக் காப்பதற்கான ஆற்றலைத் தனிக் காரணியாகப் பிரித்து எழுதாத எந்த ஆய்வும் இந்த ஊருக்கு அநியாயம் செய்கிறது. போதாக்குறைக்கு, பாய்லரில் எரியும் விறகுக்கு உமிழ்வு சுழியம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த மரம் மீண்டும் நடப்படுகிறதா என்று எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

சிறு பட்டறைகளின் கணக்கு இன்னும் மங்கல். 1959 முதல் நடந்துவரும் தொழிற்சாலைகளின் ஆண்டாய்வு பதிவுபெற்ற தொழிற்சாலைகளை மட்டும் கேட்கிறது. செங்கல் சூளை, சிறு வார்ப்படம், வீட்டோரச் சாயத் தொட்டி ஆகியவற்றில் பெரும்பகுதி அதற்குள் வருவதில்லை.

செறிவை மட்டும் அளக்கும் கொள்கை

2001-இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் எரிசக்தித் திறன் பணியகம் 2012 முதல் 2015 வரை முதல் சுற்று இலக்குத் திட்டத்தை நடத்தியது. எட்டுத் துறைகளில் 478 ஆலைகளுக்கு, ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு ஆற்றல் என்று இலக்கு வைத்தார்கள். எதிர்பார்த்தது 66.9 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான சேமிப்பு, கிடைத்தது 86.7 லட்சம் டன். இலக்கைவிட 30 விழுக்காடு அதிகம். இவ்வளவு எளிதில் தாண்ட முடிந்தது என்றால் இலக்கைத் தாழ்வாக வைத்தார்கள் என்றே நான் கருதுகிறேன். 2023-இல் அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டமும் உற்பத்தி அலகுக்கான உமிழ்வைத்தான் கட்டுப்படுத்துகிறது. மொத்தத்துக்கு உச்சவரம்பு இல்லை.

வீடும் பாலமும் இன்னும் கட்டி முடியாத நாட்டில் சிமெண்டுக்கு உச்சவரம்பு கேட்பது நியாயமில்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். தலைக்கு எஃகுப் பயன்பாட்டில் நாம் உலகச் சராசரியில் பாதியைத்தான் எட்டியிருக்கிறோம். அளவு விளைவு இன்னும் பல ஆண்டுகள் மேல்நோக்கியே தள்ளும். அப்படியானால் மீதி மூன்றில் எது அதை ஈடுகட்டும்? உலர்முறைக்கு மாறியது ஒருமுறை கிடைக்கும் ஆதாயம்; அது முடிந்துவிட்டது. 1300-இலிருந்து 730-க்கு வந்த சூளை 730-இலிருந்து 160-க்கு வராது, வேதியியல் விடாது. கட்டமைப்பு விளைவை நம்பினால் ஜப்பானிய அலுமினியத்தின் வழியில் சுமையை வேறு நாட்டுக்குத்தான் அனுப்புவோம். எஞ்சுவது எரிபொருள் விளைவு: எஃகில் நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜன், பாய்லரில் விறகுக்குப் பதில் சூரிய, காற்று மின்சாரம். இதுவரையான இந்தியப் பகுப்புகளில் மிக மெலிந்து நின்ற காரணி இதுதான்.

இதை அளக்கவாவது தரவு வேண்டும். இலக்குத் திட்டத்தில் உள்ள ஒவ்வோர் ஆலையும் எரிபொருள் வாரியான பயன்பாட்டை ஆண்டுதோறும் பணியகத்துக்குத் தெரிவிக்கிறது. அந்தப் படிவங்களை, வணிக ரகசியம் தேவைப்படும் இடத்தில் இரண்டாண்டு தாமதத்தோடாவது, ஆலை வாரியாகப் பொதுவில் வைக்க வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு ஆகும் ஆற்றலுக்கும், சொந்தக் காற்றாலை மின்சாரத்துக்கும், விறகுக்கும் அவற்றில் தனித்தனிக் கட்டங்கள் சேர்க்க வேண்டும்.